மூன்றாவது சிலிண்டர்

"மூணு சிலிண்டர் வண்டி சார், கொஞ்சம் ஆடத்தான் செய்யும்." பழைய மாருதி 800 வைத்திருந்தவர்களில் இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் குறைவு. எங்களிடம் சொன்னவர் ஒரு ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர். சொல்லும்போதே பில்லையும் நீட்டினார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைக் காட்டியே எத்தனையோ வண்டிகளின் நிஜக் கோளாறை மூடி அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம். கொஞ்சம் ஆடுவது வேறு, உதறுவது வேறு. அந்த வித்தியாசத்தைக் காதாலும் கையாலும் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா.

வண்டி அப்பாவுடையது. ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தபோது 1993-ல் வாங்கினார். வெள்ளை நிறம், ஏ.சி. கிடையாது, கார்புரேட்டர் மாடல். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1983 டிசம்பர் 14 அன்று, முதல் மாருதியின் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் இந்திரா காந்தி கொடுத்தார். அதுவரை நம் ரோட்டில் ஓடிய அம்பாசடரும் பத்மினியும் நான்கு சிலிண்டர் வண்டிகள். மாருதிக்கு மூன்றுதான், மொத்தமே 796 சிசி. எங்கள் தெருவில் அம்பாசடர் வைத்திருந்த ஒரு பெரியவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு குறையுதே" என்று உண்மையான கவலையோடு கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஒன்று குறைந்த என்ஜின்தான் எங்கள் குடும்பத்தைத் திருப்பதிக்கும் கும்பகோணத்துக்கும் அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

2006 கோடையில் உதறல் ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றுமில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை சிக்னலில் நின்றால் போதும், ஸ்டியரிங் உள்ளங்கையில் துடிக்கும். டேஷ்போர்டு மூடி கடகடக்கும். நடுக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ்ஸின் போர்டு இரண்டிரண்டாகத் தெரியும். அம்மா பின் சீட்டில் சாய்ந்து உட்காருவதையே விட்டுவிட்டாள். "முதுகுத்தண்டுல ஏறுதுடா" என்பாள்.

ஒர்க்‌ஷாப்பில் மவுண்டிங் போய்விட்டது என்றார்கள். என்ஜினை வண்டியின் உடம்போடு பிணைக்கும் ரப்பர் மவுண்டிங்குகளில் ஒன்றை மாற்றினார்கள். வண்டி முன்னைவிட அதிகமாக உதறியது. திரும்பப் போனபோதுதான் அந்த மூணு சிலிண்டர் வசனம். கூடவே, "வேணும்னா என்ஜினை இறக்கிப் பார்த்துடலாம்" என்று ஒரு எஸ்டிமேட். அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டார். அன்று சாயங்காலம் அம்மா தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் மெக்கானிக் இல்லை, சொந்தமாகக் காரும் கிடையாது. ஆனால் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை விரல் நுனியில் உணர்ந்தே சொல்லக்கூடிய மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். ஒரு ரெக்சின் பையில் ஃபீலர் கேஜ், ஸ்டீல் ஸ்கேல், நீள மூக்கு ஆயில் கேன், நண்பரிடம் இரவல் வாங்கிய கம்ப்ரஷன் கேஜ். நான் ஸ்பேனர் செட்டைத் திண்ணையில் பரப்பி வைத்துக் காத்திருந்தேன். அதை ஒரு பார்வை பார்த்தார்.

"மாப்ளே, அதை மூடி வை. வண்டி எப்ப உதறுது, எப்ப உதறலைன்னு மட்டும் சொல்லு."

எப்போது உதறவில்லை என்று எந்த ஒர்க்‌ஷாப்பிலும் எங்களைக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். நிற்கும்போது உதறுகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அடங்கிவிடுகிறது. ஹெட்லைட் போட்டால் அதிகமாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இருக்கிறது, சூடானாலும் இருக்கிறது.

"ரோட்டுல அறுபதுல போறப்ப நியூட்ரல் பண்ணிப் பார்த்தியா?"

பார்த்ததில்லை. இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு காலியாக இருந்த ஒரு சாலைக்குப் போனோம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட்டோம். சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு போயின; சுற்று இறங்கிய என்ஜினின் அதே உதறல் மட்டும் இருந்தது. "சக்கரத்துமேல குத்தம் இல்லை" என்றார் மாமா. அந்த 12 அங்குலச் சக்கரங்கள் அறுபதில் நொடிக்குப் பத்துத் தடவை சுற்றும். டயரிலோ பேலன்ஸிலோ கோளாறு இருந்தால், கியரிலிருந்து எடுத்த பிறகும் அது விடாமல் உதறும். என்ஜினைச் சேர்ந்த உதறல் என்றால் என்ஜின் சுற்றுவதைப் பொறுத்தே கூடும் குறையும். வேகத்தைப் பின்தொடர்வது எது, என்ஜின் சுற்றைப் பின்தொடர்வது எது என்று இந்த ஒரு சோதனை பிரித்துவிடுகிறது. எந்தக் கருவியும் வேண்டாம். வெறும் சாலையும் நிதானமும் போதும். இறக்கத்தில் மட்டும் இதைச் செய்யக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் மாமா அப்பாவிடம் கேட்டார்: "மச்சான், பெட்ரோல் எப்படிக் குடிக்குது?"

அப்பா உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். கணக்குப் பிரிவுக்காரர் அல்லவா. வாங்கிய நாளிலிருந்து போட்ட ஒவ்வொரு லிட்டரும் அதில் இருந்தது. கிலோமீட்டர், தேதி, பங்க், தொகை. வருஷக்கணக்காக லிட்டருக்கு 16 கிலோமீட்டரை ஒட்டியே ஓடிய எண்கள் ஒரு பக்கத்தில் 13-க்கு இறங்கியிருந்தன. அந்த இறக்கத்துக்கு இரண்டு வரி மேலே அப்பாவின் குண்டு எழுத்தில் "கார்ப். சர்வீஸ்" என்று ஒரு பதிவு.

மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "மவுண்டிங் ரப்பர் பெட்ரோல் குடிக்காது மச்சான்" என்றார்.

அந்த ஒரு வரியில் ஒர்க்‌ஷாப்பின் முடிவு விழுந்துவிட்டது. ரப்பர் கிழிந்தால் வண்டி ஆடும், மைலேஜ் குறையாது. மைலேஜ் குறைகிறது என்றால் உள்ளே போகும் பெட்ரோலில் ஒரு பங்கு வேலை செய்யாமல் வெளியே போகிறது. கோளாறு எரிதலில் இருக்கிறது, தாங்கலில் இல்லை.

பிறகு சைலன்சருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தோம். என்ஜின் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓட, புகைக்குழாய் வாயில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தார். படபடவென்று சீராக அடித்த காகிதம் இடையிடையே ஒரு அடியைத் தவறவிட்டது. என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கையில் அந்த இடைவெளி துல்லியமாகத் தெரிந்தது. "குழாய்க்குள்ள காகிதம் திரும்ப இழுபடுதான்னும் பாரு. இழுத்தா வால்வு கருகியிருக்கும்." இழுக்கவில்லை.

மூன்று சிலிண்டர் என்ஜின் எப்படி ஆடும் என்பதை அவர் அங்கேயே மண்ணில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். கிராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்றுவதற்குள் மூன்று சிலிண்டரும் ஒவ்வொரு முறை வெடிக்க வேண்டும். அதாவது 240 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. அம்பாசடரில் அது 180 டிகிரிக்கு ஒன்று. இடைவெளி அதிகம் என்பதால் துடிப்பு சற்றுத் தூக்கலாகத்தான் தெரியும். அதோடு, மேலும் கீழும் போகும் மூன்று பிஸ்டன்களின் விசை மொத்தமாகக் கூட்டினால் சமனாகிவிட்டாலும், இரண்டு கடைசியிலும் உள்ளவை எதிரெதிராக இழுப்பதால் என்ஜின் நீளவாக்கில் தலையாட்டும். இதெல்லாம் பிறவிக் குணம். சூப்பர்வைசர் சொன்ன "ஆடத்தான் செய்யும்" இவ்வளவுதான். ரப்பர் மவுண்டிங்குகள் அதை விழுங்கிவிடும்படிதான் வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள்.

"உரலைச் சுத்தி மூணு பொம்பளைங்க நின்னு மாத்தி மாத்தி உலக்கை போடறதைப் பார்த்திருக்கியா? வேகமா விழும், ஆனா தாளம் தப்பாது. அதுல ஒருத்தி கையை நிறுத்திட்டா?"

கணக்காகச் சொன்னால் இப்படி. ஸ்லோவில் நிமிஷத்துக்கு 850 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 14 சுற்று, 21 வெடிப்பு. நொடிக்கு 21 என்ற வேகத் துடிப்பை ரப்பர் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால், என்ஜின் நொடிக்கு 7 தடவை தடுக்கி விழுந்து எழும். அந்த மெதுவான உதறலை ரப்பரால் தடுக்க முடியாது. அதில் ரப்பரே சேர்ந்து ஆடத் தொடங்கும். கண்ணாடியில் பஸ் போர்டு இரண்டானதும், அம்மாவின் முதுகுத்தண்டில் ஏறியதும் அந்த ஏழுதான். கூர்ந்து கவனித்தால், சீரான படபடப்பா, தடுக்கித் தடுக்கி வரும் உதறலா என்று உட்கார்ந்திருக்கும் சீட்டிலேயே யாருக்கும் புரியும்.

எந்த உலக்கை நின்றது என்பதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பிளக் ஒயராக உருவுவது. நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் ஒயரை உருவினால் என்ஜின் தள்ளாடும், சுற்று விழும். ஏற்கெனவே செத்துக் கிடக்கும் சிலிண்டரின் ஒயரை உருவினால் ஒரு மாற்றமும் இருக்காது. இன்சுலேஷன் போட்ட பிளேயரால், செருப்புக் காலோடு, இன்னொரு கை வண்டியின் உடம்பில் படாமல் மாமா செய்தார். பாயிண்ட் வைத்த பழைய வண்டி என்பதால் துணிந்தார். 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதன் பிறகு வந்த வண்டிகளில் இப்படி ஒயரை உருவி ஓடவிடக் கூடாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் அடிக்கும் ஷாக்கும் சாதாரணமானதல்ல.

ஒன்றாவது ஒயர்: என்ஜின் தள்ளாடியது. இரண்டாவது: அணைந்தே போயிற்று. மூன்றாவது: எதுவும் நடக்கவில்லை.

எனக்கு அதோடு வேலை முடிந்த மாதிரி இருந்தது. மாமாவுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. ஆக்சிலேட்டர் கேபிளைக் கையால் இழுத்துச் சுற்றை ஏற்றி, மறுபடி மூன்றாவது ஒயரை உருவச் சொன்னார். இந்தத் தடவை என்ஜின் தெளிவாகச் சுருதி இறங்கியது. அதாவது, வேகத்தில் மூன்றாவது சிலிண்டர் வேலை செய்கிறது. ஸ்லோவில் மட்டும் தூங்குகிறது. பிளக்கோ ஒயரோ பலவீனமாக இருந்தால் பாரம் ஏறும்போதுதான் அதிகம் தவறவிடும். இது நேர் எதிராக இருந்தது.

ஆனாலும் எதையும் ஊகத்தில் விடவில்லை. மூன்றாவது பிளக்கை ஒன்றாவதில் போட்டார், ஒன்றாவதை மூன்றில். கோளாறு பிளக்கோடு இடம் மாறவில்லை. ஒயர்களை மாற்றினார். மாறவில்லை. டெல்கோ என்று மெக்கானிக்குகள் சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தார், 0.4-க்கும் 0.5 மில்லிமீட்டருக்கும் நடுவில் இருந்தது. என்ஜின் ஆறியதும் ஆறு வால்வுகளுக்கும் டேப்பெட் இடைவெளி பார்த்தோம். பிறகு மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, நான் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க, கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு துளையிலும் வைத்துப் பிடித்தார். மூன்றிலும் 12 கிலோவை ஒட்டி வந்தது. என்ஜினை இறக்க வேண்டும் என்ற எஸ்டிமேட்டுக்கு அதுதான் பதில். பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் நலம்.

கழற்றிய பிளக்குகளைத் திண்ணையில் வரிசையாக வைத்தார். முதல் இரண்டின் நுனிகள் இளம்பழுப்பு. மூன்றாவது வெளுத்திருந்தது. பெட்ரோல் அதிகமானால் கறுக்கும், காற்று அதிகமானால் வெளுக்கும். "இதுக்கு மட்டும் எங்கேயிருந்தோ காத்து கிடைக்குது மாப்ளே."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கார்புரேட்டர் வண்டிகளின் ஸ்லோ உதறலில் பெரும்பங்கு இதுதான். பலரும் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான். ஸ்லோவில் கார்புரேட்டரின் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுக்கும் இழுப்பு முழுக்க அந்தத் தகட்டுக்கு இந்தப் பக்கம் வெற்றிடமாக நிற்கும். அப்போது இன்டேக் மேனிஃபோல்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அது வழியாக வெளிக்காற்று பாய்ந்து உள்ளே வரும். என்ஜின் குடிக்கும் காற்றே அந்நேரம் கொஞ்சம்தான் என்பதால், திருட்டுத்தனமாக வரும் இந்தக் காற்று அதில் பெரும் பங்காகிவிடும். கலவை பற்றாது, வெடிக்காது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறக்கிறது, வெற்றிடம் குறைகிறது, நல்ல கலவை ஏராளமாக வருகிறது. திருட்டுக் காற்றின் பங்கு ஒன்றுமில்லாமல் போகிறது, உதறலும் மறைகிறது. நான் காலையில் சொன்ன பதில்கள் எல்லாமே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. ஹெட்லைட் போட்டதும் ஆல்டர்னேட்டரின் பாரம் ஏறி, தடுமாறும் ஸ்லோ இன்னும் கீழே விழுந்தது.

எங்கே கசிகிறது? கார்புரேட்டரின் அடிப் பேக்கிங்கில் கசிந்தால் மூன்று சிலிண்டரும் ஒன்றாகத் தடுமாற வேண்டும். ஒன்று மட்டும் தடுமாறுகிறது என்றால், அந்த ஒன்றுக்குப் போகும் கிளைக் குழாயில், ஹெட்டோடு சேரும் இடத்தில் தேடு என்றார். பல இடங்களில் இதற்குப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ பீய்ச்சிப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்பது மாமாவின் கட்சி. அவர் ஆயில் கேனை எடுத்தார்.

என்ஜின் தடுமாறிக்கொண்டு ஓடியது. மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் கோட்டில், ஒன்றாவது சிலிண்டர் பக்கத்திலிருந்து, சொட்டுச் சொட்டாகக் கெட்டி எண்ணெயை வைத்துக்கொண்டே வந்தார். எண்ணெய் அப்படியே மினுங்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது, அங்கேயும் நின்றது. மூன்றாவதின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் கேனின் மூக்கை வளைத்து நுழைத்து வைத்த சொட்டு காணாமல் போயிற்று. அடுத்த சொட்டும் உள்ளே போயிற்று. மூன்றாவது சொட்டில் என்ஜின் சட்டென்று தாளத்துக்கு வந்தது. டேஷ்போர்டு மூடியின் கடகடப்பு நின்றது. நாலைந்து நொடி. பின்னால் புகைக்குழாயில் லேசான நீலப்புகை. எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் மறுபடி உதறல்.

"அண்ணே, நின்னுடுச்சே, எப்படிண்ணே!" என்று அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். அவளுக்கு வீட்டுக்குள்ளேயே சத்தம் மாறியது கேட்டிருக்கிறது.

மாமா அதற்குள் என்ஜினை அணைத்துவிட்டார். ஆறட்டும் என்றார். சாப்பிட்டுவிட்டு, ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மேனிஃபோல்டைக் கழற்றினோம். எல்லாம் வெளியே வந்தது. கார்புரேட்டர் சர்வீஸின்போது அதை மேனிஃபோல்டோடு சேர்த்து இறக்கியிருக்கிறார்கள். திரும்பப் பூட்டும்போது புதிய கேஸ்கெட் போடவில்லை. கிழிந்த பழைய கேஸ்கெட்டின் மேல் சிவப்புப் பசையைத் தடவி அப்படியே அழுத்தியிருக்கிறார்கள். பெட்ரோல் ஆவியில் அந்தப் பசை ஊறிப்போய், மூன்றாவது துளையின் அடியில் நகத்தால் சுரண்டினால் வரும்படி கொழகொழத்துக் கிடந்தது. அங்கே உள்ள நட்டு கைமுறுக்கில்தான் இருந்தது. ஸ்பேனர் எளிதில் போகாத இடம்.

கேஸ்கெட் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது. அதைப் போடாமல் விட்டதற்காக இத்தனை மாதம் பெட்ரோல், ஒரு மவுண்டிங், அம்மாவின் முதுகு. அந்தக் கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மறுநாள் நான் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடுக்குப் போனேன். அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவில் கார் உதிரிபாகம் கேட்டுக் கிடைக்காமல் திரும்பியவர்கள் குறைவு. கேஸ்கெட்டோடு மவுண்டிங்கும் வாங்கிவரும்படி மாமா சொல்லியிருந்தார். ஒர்க்‌ஷாப்பில் போட்ட மவுண்டிங்கில் கட்டைவிரலை அழுத்தி, "இது ரப்பரா, பலகையா?" என்று முந்தின நாளே கேட்டுவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அசலும் போலியும் ஒன்றேதான். அச்சு, துளை, அளவு எல்லாம் பொருந்தும். ரப்பரின் கடினம்தான் வேறு. கெட்டி ரப்பர் அதிர்வை உறிஞ்சாது, அப்படியே உடம்புக்குக் கடத்தும். புது மவுண்டிங் போட்ட பிறகு உதறல் அதிகமானதன் காரணம் அது. கடைக்காரரிடம் இரண்டையும் வாங்கி விரலால் அழுத்திப் பார்த்துத்தான் ஒன்றைப் பொறுக்கினேன். அசல் விலை அதிகம். கொடுத்தேன்.

பூட்டும் வேலையை மாமா அவசரமே இல்லாமல் செய்தார். பழைய கேஸ்கெட் துணுக்குகளை பிளேடால் படுக்கவாட்டில் வழித்தெடுத்தார். அலுமினிய ஹெட்டில் ஒரு கீறல் விழக்கூடாது. துளைகளுக்குள் துணி அடைத்திருந்தார். பிறகு மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி வைத்து, அடியில் மிகச் சன்னமான ஃபீலர் தகட்டை நுழைத்துப் பார்த்தார். மூன்றாவது துளைப் பக்கம் தகடு லேசாக நுழைந்தது. கண்ணாடிப் பலகை மேல் எமரி காகிதத்தை விரித்து, மேனிஃபோல்டை எட்டு வடிவத்தில் தேய்த்தார். நாலு தேய்ப்பு, துடைத்துப் பார்ப்பது. மறுபடி நாலு தேய்ப்பு. தகடு எங்கேயும் நுழையாத வரைக்கும். அந்தப் பதினைந்து நிமிஷம் அவர் யாரோடும் பேசவில்லை. டூல் ரூமில் முப்பது வருஷம் நின்ற கை அது. எந்தச் சர்வீஸ் புத்தகமும் அந்தக் கையை எனக்குக் காட்டியிருக்காது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே தடவையில் இறுக்காமல், சுற்றிச் சுற்றி வந்து இறுக்கினார். கேஸ்கெட் சமமாக அமர வேண்டும் என்றால் அதுதான் முறை. எட்டாத நட்டுக்கு ஒரு ஸ்பேனரை வளைத்து வைத்திருந்தார்.

ஸ்டார்ட் செய்ததும் மூன்று உலக்கையும் விழுந்தன. ஸ்லோ தானாகவே எகிறியது. கசிவைச் சமாளிக்க ஒர்க்‌ஷாப்பில் ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றி வைத்திருந்தார்கள். அதை இறக்கி, மிக்ஸர் ஸ்க்ரூவைக் காதால் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தார்.

ஆனால் வேலை முழுசாக முடியவில்லை. என்ஜினை அணைக்கும்போது "தட்" என்று ஒரு இடி. கிளட்சை விடும்போது ஒரு குலுக்கல். தாளம் தப்பியபோது கேட்காத இந்த இரண்டும் இப்போது தனியாகத் தெரிந்தன. பானெட்டைத் திறந்துவைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நான் பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்சை லேசாக விட, மாமா வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பார்த்தார். பிறகு ரிவர்ஸில். ரிவர்ஸில் என்ஜின் ஒரு பக்கம் எழும்பியது. டார்ச் அடித்துப் பார்த்தால், தொடாமல் விட்ட பழைய மவுண்டிங்குகளில் ஒன்றில் ரப்பர் இரும்பை விட்டு அரை வட்டத்துக்குப் பிரிந்திருந்தது. மாதக்கணக்கில் நொடிக்கு ஏழு தடவை அடி வாங்கிய ரப்பர். ஒர்க்‌ஷாப்பில் மவுண்டிங் போய்விட்டது என்று சொன்னது பொய்யில்லை. எது எதைக் கெடுத்தது என்று பார்க்காமல், பிரியாததை மாற்றிவிட்டார்கள்.

அதற்கும் ஒன்று வாங்கி வந்தேன். கெட்டி ரப்பரும் கிழிந்த ரப்பரும் இரண்டும் வெளியே போயின. ஆயில் சம்ப்பின் தகடு நசுங்காமலிருக்க அகலப் பலகை ஒன்றை வைத்து ஜாக்கியால் என்ஜினின் பாரத்தை மட்டும் தாங்கி, ஒவ்வொன்றாக மாற்றினோம். போல்ட்டுகளை உடனே இறுக்காமல் தளர்வாக விட்டு, ஜாக்கியை இறக்கி, என்ஜினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு அது தனக்கு வசதியான இடத்தில் அமர்ந்த பிறகு அணைத்து இறுக்கினோம். ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும் நிலையில் இறுக்கினால், புது ரப்பரும் அதிர்வைக் கடத்தும்.

அந்த வண்டி அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் எங்களோடு இருந்தது. நின்றால் லேசாக ஆடியது, மூணு சிலிண்டர் வண்டி ஆட வேண்டிய அளவுக்கு. அப்பாவின் நோட்டில் மைலேஜ் பழைய இடத்துக்கு ஏறியது. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது.

இப்போது மூன்று சிலிண்டர்கள் திரும்பி வந்துவிட்டன. செலிரியோ, க்விட், டியாகோ என்று சின்னக் கார்களில் பெரும்பாலும் மூன்றுதான். கார்புரேட்டரும் டெல்கோவும் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில். போன வருஷம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் வந்து, "அண்ணே, சிக்னல்ல நின்னா வண்டி உதறுது. மூணு சிலிண்டர்னா அப்படித்தான்னு சொல்றாங்க" என்றார். அதே வசனம். ஸ்கேனரைச் செருகினால் பி0303 என்று காட்டியது. மூன்றாவது சிலிண்டர் தவறவிடுகிறது என்று அர்த்தம். ஏன் என்று ஸ்கேனர் சொல்லாது. கடையில் பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

என்ஜினை அணைத்துவிட்டு, மூன்றாவது காயிலையும் ஒன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டோம். பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தோம். இந்தத் தடவை பி0301. கோளாறு காயிலோடு இடம் மாறியிருந்தது. ஒரே ஒரு காயில் வாங்கிப் போட்டார் தம்பி. பிளக்கையும் இன்ஜெக்டரையும் தொடவில்லை.